சுவரைக் கீழிருந்து மேலாகத் துடையுங்கள்

சுவரைச் சுத்தம் செய்யலாம் என்றதும் பலர் முதலில் கையில் எடுப்பது ஈரத்துணி. அங்கேதான் வேலை கெடுகிறது. தூசிமேல் தண்ணீர் பட்டால் குழம்பாகிச் சுவரெங்கும் இழுபடும். ஒட்டடைக் கம்பில் பழைய பனியனைச் சுற்றி, மேலிருந்து கீழாக முதலில் தூசியைத் தட்டிவிடுங்கள்.

அப்புறம் கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் ஈரத்துணியால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அந்தச் சுவருக்குத் தண்ணீரே வேண்டாம். சாதாரண டிஸ்டெம்பர் பூச்சு அப்படித்தான், கையோடு வந்துவிடும். எமல்ஷன் பெயின்ட் என்றால் பயமில்லை.

அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடையுங்கள். கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் மேலே தொடங்கினால், அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே நனைந்த இடத்தில் வழிந்தால் அவ்வளவாகப் பிடிக்காது, ஒரு துடைப்பில் போய்விடும். கடைசியில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை.

சுவிட்ச் பக்கம் போகும்முன் மெயினை அணைத்துவிடுங்கள். அங்கே ஸ்பிரே அடிக்கவே கூடாது.

குழந்தைகளின் கிரேயான் கிறுக்கலுக்கு, ஈரத்துணியில் துளி சமையல் சோடா தொட்டு மெதுவாகத் தேயுங்கள். அழுத்தினால் கிறுக்கல் போகும், பளபளவென்று ஒரு திட்டு மிஞ்சும். பளபளப்பில்லாத மேட் பெயின்டில் அது இன்னும் அசிங்கமாகத் தெரியும்.