டெய்லர் ‘நாளைக்கு’ என்றால் எப்போது?

24 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஒரு நாளைக்கு நான் அதிகமாகச் சொல்லும் சொல் ‘நாளைக்கு’தான். அதை நம்பி வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்களுக்காகத் தொழில் ரகசியத்தைக் கொஞ்சம் உடைக்கிறேன்.

‘நாளைக்கு’ என்பதை விடுங்கள், அதன் வாலைப் பிடியுங்கள். வெறுமனே ‘நாளைக்கு வாங்கக்கா’ என்றால் துணியை இன்னும் வெட்டவே இல்லை. ‘நாளைக்குள்ள முடிச்சிடறேன்’ என்றால் வெட்டியாகிவிட்டது. ஆனால் அந்த ‘உள்ள’ கடை சாத்தும் நேரம் வரைக்கும் நீளும். காலையிலேயே வந்து நிற்காதீர்கள். ‘நாளைக்குத்தான் ஆகும்’ என்பதைத் தாராளமாக நம்பலாம். இன்றைக்கு முடியாது என்று ஒப்புக்கொள்கிறவர் ஏதோ கணக்குப் போட்டுத்தான் பேசுகிறார். பெரும்பாலும் காஜாவும் கொக்கியும் மட்டும் பாக்கி இருக்கும். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றாரா? துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.

சரி, நீங்கள் எப்படிக் கேட்பது? ‘நாளைக்குக் கிடைக்குமா?’ என்றால் எந்த டெய்லரும் ‘கிடைக்கும்’ என்றுதான் சொல்வார். ‘நாளைக்கு எத்தனை மணிக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். தலையைத் திருப்பி, குவிந்து கிடக்கும் துணியை ஒரு பார்வை பார்ப்போம். உண்மை அப்போதுதான் வெளியே வரும். அடுத்தது ‘நாளைக்காவது குடுத்துடுங்க’. நீங்கள் எத்தனை நடை அலைந்தீர்கள் என்பதெல்லாம் அந்த ‘ஆவது’க்குள் இருக்கிறது. அதைக் கேட்டால் கையிலிருப்பதை ஒதுக்கிவிட்டு உங்களுடையதை எடுப்பேன். முதல் நடையிலேயே சொல்லிவிடாதீர்கள், எடுபடாது.

‘நாளன்னைக்கு’தான் ஆபத்தான சொல். எழுதினால் ‘நாளை மறுநாள்’. கோயம்புத்தூர்ப் பக்கம் ‘நாளைக்கழிச்சு’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ‘நாளையிண்டைக்கு’. இதை முதன்முதலில் கேட்டபோது, நாளையும் இருக்கிறது, இண்டைக்கும் இருக்கிறது, எந்த நாள் என்று புரியாமல் விழித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மிஷின் சத்தத்துக்கு நடுவே ‘நாளன்னைக்கு’ என்றேன். அந்தம்மா காதில் ‘நாளைக்கு’ என்று விழுந்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் பெண்ணழைப்பு. வந்து நின்றபோது ஜாக்கெட்டுக்கு நான் கைகூட வைத்திருக்கவில்லை. அரை மணி நேரத்தில் வைத்துக் கொடுத்தேன். இடது கை லேசாகச் சுருங்கித்தான் இருந்தது. அன்றிலிருந்து கிழமையைச் சேர்த்தே சொல்கிறேன். நான் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்: ‘நாளன்னைக்குன்னா ஞாயித்துக்கிழமைதானே?’

கோபம் வந்தால் ‘நாளப்பின்ன உங்க கடைக்கு வரணுமா வேண்டாமா?’ என்று ஒரு கேள்வி போடலாம். இது மறுநாளைப் பற்றிய பேச்சே இல்லை. இனிமேல் எப்போதாவது என்று பொருள். சண்டைக்கு ஒரு படி கீழே நிற்கும் சொல், நன்றாகவே வேலை செய்யும். ‘இன்று போய் நாளை வா’ என்று கிண்டலடித்தால் மட்டும் நாங்கள் அசைய மாட்டோம். கம்பனில் ராமன் அதைச் சொல்வது ஆயுதம் இழந்து நிற்கும் ராவணனிடம். இங்கே கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது சொல்கிற ஆள்தான்.

தீபாவளிக்கு 10 நாள் இருக்கும்போது மேலே சொன்ன எதுவும் செல்லாது. அப்போது ‘நாளைக்கு’ என்றே சொல்ல மாட்டோம். ‘ஒரு போன் அடிச்சிட்டு வாங்க’ என்போம். அடித்தால் எடுக்க மாட்டோம்.