மரம் வெட்டிய காட்டில் விலங்குகளைப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லிடைக்குறிச்சி வழியாக மணிமுத்தாறு கடந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு என்று மேலேறும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு அப்பால் தெரியும் காடு முழுவதும் கை படாதது என்று எண்ணுவதே முதல் தவறு. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் முன்பு தேர்ந்தெடுத்து மரம் வெட்டப்பட்ட பகுதிகளும் உண்டு. தேயிலைக்காகக் காட்டை மொட்டையடித்த இடம் எவர் கண்ணுக்கும் தெரியும். பருத்த மரங்களை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுச்சென்ற இடம் பச்சையாகவே இருப்பதால் அங்கேதான் கண் ஏமாறுகிறது.

வெட்டப்பட்ட மரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு சேதத்தை மதிப்பிடுவது இதையொட்டி வரும் தவறு. மலேசியாவின் தெக்காம் காட்டை ஆய்ந்து ஆண்ட்ரூ ஜான்ஸ் 1988இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே வெட்டி எடுக்கப்பட்டவை நூற்றுக்கு 3.3 மரங்கள், அழிந்தவை நூற்றுக்கு 50.9. விழும் மரம் பக்கத்து மரங்களைச் சாய்க்கிறது, கட்டை இழுக்கப் போடும் பாதை இன்னும் பலவற்றை அழிக்கிறது. அது இயந்திரங்களைக் கொண்டு நடந்த வெட்டு என்பதால் அந்த எண்ணை அப்படியே நம் மலைக்குப் பொருத்தக் கூடாது. சேதம் பரவும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அடையாளக் குழப்பம். சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் கறுப்பாக இருப்பதால் இரண்டையும் ஒரே பெயரில் குறித்துவிடுகிறார்கள். முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும் நுனியில் குஞ்சம் வைத்த குட்டை வாலும் இருந்தால் அது சோலைமந்தி. தலை பழுப்பு மஞ்சளாகவும் வால் மிக நீளமாகவும் இருந்தால் அது கருமந்தி. இந்த வேறுபாடு தவறினால் உணவைப் பற்றி அதன்பின் எழுதுவது எதுவும் நிற்காது. சோலைமந்தி பழம், விதை, பூச்சி என்று தேடித் தின்பது. கருமந்தியோ அறைகளாகப் பிரிந்த இரைப்பையில் இலையை நொதிக்க வைத்துச் செரிப்பது. மரம் வெட்டிய இடைவெளியில் வெயில் விழுந்ததும் வட்டக்கண்ணி போன்ற மரங்கள் வேகமாக எழுந்து தளிர் விடும். இலை தின்னிக்கு அது ஓரளவு ஈடாகலாம், பழம் தேடும் விலங்குக்கு அவ்வளவாக உதவாது.

ஆகவே ‘விலங்குகள் இருக்கின்றன, காடு நலம்’ என்ற முடிவு மிக எளிதில் தவறாகிவிடும். தெக்காம் காட்டின் கிப்பன் எனும் வாலில்லாக் குரங்குகள் வெட்டுக்குப் பின் ஓடிவிடவில்லை. பழம் குறைந்ததால் இலையைக் கூடுதலாகத் தின்று, நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு நாளைக் கடத்தின. தலைகளை எண்ணினால் மாற்றமில்லை, வயிற்றைப் பார்த்தால் மாற்றம் பெரிது. உகாண்டாவின் கிபாலே காட்டில் 1960களின் இறுதியில் வெட்டு நடந்தது. ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் கடுமையாக வெட்டிய பகுதியில் நீலக் குரங்கும் செவ்வால் குரங்கும் மீளவில்லை. இலை தின்னும் கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குக்கோ அந்த வெட்டு அவ்வளவு கெடுதலாக அமையவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒருமுறை சென்று கண்டதை ஆண்டு முழுவதற்குமான உணவுப் பழக்கமாக எழுதுவதும் கூடாது. நம் மலையில் வெடிப்பலா மரம் இதற்கு நல்ல சான்று. கிளைகளில் கொத்துக்கொத்தாக ஒட்டிப் பூக்கும் இதன் பூவுக்கு இதழ் கிடையாது. பூவின் வெளியுறையான, சதைப்பற்றுள்ள புல்லிக் குழல்தான் உண்டு. ஆண்டின் முதல் மாதங்களில் வேறு கனிகள் அரிதாகும்போது சோலைமந்தி, கருமந்தி, மலையணில், வௌவால் எனப் பலவும் இந்தப் பூவை நாடி வருகின்றன. அப்படி வருபவற்றால் மகரந்தச் சேர்க்கையும் நடக்கிறது. வெட்டிய பகுதியில் வெடிப்பலா குறைந்திருந்தால் அதன் இழப்பு கனி மலிந்த மாதத்தில் தெரியவே தெரியாது. பற்றாக்குறை மாதத்தில்தான் தெரியும்.

பழ மரத்தில் கண்ட விலங்கையெல்லாம் ‘விதை பரப்புபவர்’ என்று பாராட்டுவதும் வழக்கமாகிவிட்டது. வெடிப்பலாவின் முற்றாத காயைப் பிளந்து விதையைத் தின்னும் சோலைமந்தி அந்த வேளையில் விதையை அழிக்கிறது. கனியை விழுங்கி விதையை வேறிடத்தில் போடும் இருவாச்சிப் பறவையும், எச்சத்தோடு விதையை முழுதாக விட்டுச்செல்லும் பழுப்பு மரநாயும் பரப்புகின்றன. அந்த மரநாய் பகலில் மரப்பொந்திலோ கொடிப் பின்னலிலோ மலையணிலின் கூட்டிலோ உறங்குவது. இருவாச்சி முட்டையிடவும் பொந்துதான் வேண்டும். ஆகவே பழ மரங்களை விட்டுவிட்டுப் பொந்து மரங்களை எடுத்தாலும் விதை பரவுதல் தடைபடும். உணவை மட்டும் கணக்கெடுப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

பாபநாசம், மணிமுத்தாறு அருவிப் பக்கங்களில் குரங்குக்குப் பொரியும் வாழைப்பழமும் எறிவதைப் புண்ணியமாக நினைப்போர் பலர். காட்டுத் தீனி தேடும் பழக்கத்தை அது கெடுக்கிறது. வால்பாறையின் புதுத்தோட்டத்தில் துண்டுபட்ட காட்டில் வாழும் சோலைமந்திகள் தரையிறங்கிச் சாலையைக் கடந்து வீடுகளின் பக்கம் வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குறிப்பேட்டில் ‘சோலைமந்தி, பழம் தின்றது’ என்று எழுதினால் அதிலிருந்து எதையும் அறிய முடியாது. எந்த மரம், பூவா, பிஞ்சா, கனியா, தளிரா, தின்றது சதையா விதையா, துப்பியதா விழுங்கியதா, எந்த மாதம், அருகில் பழைய வெட்டுக்கட்டையோ இழுவைப் பாதையோ உண்டா என்று எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு அதே மரத்தடிக்கு வருபவர் தம் குறிப்பை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.