ஒலிநூல் வாசிக்க விடியற்காலை நாலரை மணி

வெள்ளவத்தையில், ரயில் பாதையை ஒட்டிய மாடிவீடு எங்களது. காகங்கள் கத்தத் தொடங்கிவிட்டால் அப்புறம் ரயில், பாட்டுப் போட்டபடி பாண் ஓட்டோ. ஆகவே நாலரைக்கே எழும்பிவிடுவேன். உங்கள் தெரு எப்போது அடங்குகிறது என்று முதலில் பாருங்கள். மின்விசிறியை நிறுத்தி, அம்மாவின் சேலை அலுமாரியைத் திறந்து அதன் முன்னால் உட்காருவேன். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். வியர்க்கும், பரவாயில்லை.

நூலைத் தேர்வதில் அவசரம் வேண்டாம். இலங்கையில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. 1879இல் மறைந்த ஆறுமுக நாவலரின் உரைநடையைத் தயங்காமல் வாசிக்கலாம். பிற்காலப் பதிப்பாசிரியரின் முன்னுரையை விட்டுவிடுங்கள். இணையத்தில் பிடிஎஃப் கிடைப்பதாலேயே ஒரு நூல் பொதுச்சொத்தாகிவிடாது. தன்னார்வலர்கள் வாசிக்கும் இலவச ஒலிநூல் தளமான லிப்ரிவாக்ஸுக்கு வாசிப்பதானால் அமெரிக்காவிலும் உரிமை முடிந்திருக்க வேண்டும்.

சரி, இனித்தான் உண்மையான வேலை. பழைய உரைநடையில் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். அச்செடுத்து, மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். சந்தியைப் பிரித்துப் பாருங்கள். ‘அதுவன்றென்றறிக’ என்பதை நான் ‘அதுவன்’ என்று நிறுத்தி வாசித்துவிட்டேன். பதிவைச் சரிபார்த்த கொட்டாஞ்சேனை அக்கா, “தம்பி, ஏழாவது நிமிஷம். ‘அது அன்று என்று அறிக’. மூச்சைத் தள்ளி விடுங்கோ” என்று எழுதி அனுப்பினார். அப்படி வரிவரியாகக் கேட்கும் ஒருவர் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். நம் பிழை நம் காதில் விழாது.

தடுமாறினால் பதிவை நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டிவிட்டு வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். ஒடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளின் அலைக்கோட்டில் அந்தக் கைதட்டல் முள்ளைப்போல நிமிர்ந்து நிற்கும், தேடாமல் வெட்டலாம். மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 128 கேபிபிஎஸ் எம்பி3, முடிவில் 5 செக்கன் மௌனம்: லிப்ரிவாக்ஸ் கேட்பவற்றில் முக்கியமானவை இவை. புதியவர்களிடம் ஒரு நிமிடச் சோதனைப் பதிவும் கேட்பார்கள்.

அங்கே கொடுத்த குரல் பொதுச்சொத்து. யாரும் பிரதி எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். எனக்கு அதில் முழுச் சம்மதம். உங்களுக்கு மனம் ஒப்பாவிட்டால், பெயர் குறிப்பிடச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் நீங்களே ஏற்றலாம். தலைப்பைத் தமிழ் எழுத்திலும் போடுங்கள். தமிழில் தேடுகிறவர் கையில் அது அகப்பட வேண்டும்.