நிலா நிற்கும், மரங்கள் நகரும்: மல்டிபிளேன் பெட்டி செய்வது எப்படி?

ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாலையோரப் புளியமரங்கள் விறுவிறுவென்று பின்னால் ஓடும். தூரத்து மலை மெதுவாக நகரும். நிலா கூடவே வரும். இந்த வேக வித்தியாசத்தில்தான் கண் ஆழத்தை உணர்கிறது. நிலா, மலை, மரம் மூன்றையும் ஒரே தாளில் வரைந்து கேமராவைக் கிட்டே கொண்டுபோனால், மரத்தோடு சேர்ந்து நிலாவும் பெரிதாகிவிடும். வால்ட் டிஸ்னி 1957-இல் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்தச் சிக்கலைத்தான் நிலாப் படம் ஒன்றை வைத்து விளக்கினார்.

படத்தைப் பிரித்து, தனித்தனிக் கண்ணாடிகளில் இடைவெளி விட்டு அடுக்குவதுதான் வழி. மல்டிபிளேன் (பல அடுக்கு) என்பது இதுதான். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் 1926-இல் வெளிவந்த தன் முழுநீள நிழலுருப் படத்திலேயே கண்ணாடி அடுக்குகளைக் கையாண்டார். 1937-இல் டிஸ்னி ஸ்டூடியோவில் வில்லியம் கேரிட்டி உருவாக்கிய மல்டிபிளேன் கேமராவில் ஏழு அடுக்குகள் வரை வைக்க முடிந்தது. அப்படிப்பட்ட கேமரா ஒன்று சான் பிரான்சிஸ்கோவில் உள்ள வால்ட் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளிக் கண்காட்சியில் பிள்ளைகள் தாங்களே கையால் இயக்கிப் பார்க்கும்படி அதன் சிறிய வடிவத்தைச் செய்யலாம், வாங்க.

பெட்டி. 45 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்தில் ஓர் அட்டைப்பெட்டி போதும். மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். உள்ளே முழுக்கக் கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள். முன்சுவரின் நடுவில் 12 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்தில் ஒரு ஜன்னல் வெட்டுங்கள். இதைவிடப் பெரிதாக வெட்டினால் தாள்களின் ஓரம் தெரிந்து மாயம் கலைந்துவிடும்.

ஓவியம். பின்சுவரில் கருநீலச் சார்ட்டை ஒட்டி நிலாவை வரையுங்கள். அப்புறம் மூன்று ஏ4 ஓஎச்பி தாள்களில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) முறையே மலை, மரங்கள், ஜன்னலுக்கு மிக அருகே வரும் கிளைகள். மார்க்கரால் தீட்டுவதைவிட, கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டினால் உருவங்கள் அழுத்தமாகத் தெரியும். கிளைகளை நெருக்கமாக வைக்காதீர்கள், இடையிடையே வெற்றிடம் வேண்டும்.

தொங்கவிடுதல். பெட்டியின் அகலத்தைவிட நீளமான மூன்று மூங்கில் குச்சிகளில் தாள்களை டேப்பால் ஒட்டி, குச்சிகளைப் பக்கச் சுவர்களின் மேல்விளிம்பில் குறுக்கே வையுங்கள். பின்சுவரிலிருந்து மலை 10 செ.மீ., மரம் 20 செ.மீ., கிளை 30 செ.மீ. தாளின் கீழ்விளிம்பில் ஒரு கிளிப் மாட்டினால் சுருளாமல் நேராகத் தொங்கும்.

நெம்புகோல். இந்தப் பெட்டியின் உயிரே இதுதான். அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய ரீப்பரை (மரச்சட்டம்) எடுத்து, குச்சிகளின் மேல் நீளவாக்கில் வையுங்கள். அதன் பின்முனையை, நிலாவுக்கு நேர் மேலே, பின்சுவரில் ஓர் ஆணியால் சுழலும்படி பொருத்துங்கள். ஒவ்வொரு குச்சியையும் ரப்பர் பேண்டால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள். முன்முனையைப் பக்கவாட்டில் அசைத்தால் கிளை 3 செ.மீ. நகரும்போது மரம் 2, மலை 1, நிலா அசையவே அசையாது. கணக்கு எதுவும் போட வேண்டாம், ஆணியிலிருந்து உள்ள தூரமே கணக்கைப் பார்த்துக்கொள்ளும். நிலாவைப் பார்த்தபடியே நீங்கள் பக்கவாட்டில் நடந்தால் என்ன தெரியுமோ அதுவே ஜன்னலில் தெரியும்.

வெளிச்சம். பக்கச் சுவரில் துளையிட்டு, அடுக்குகளுக்கு இடையே எல்இடி விளக்கொளியைச் செலுத்துங்கள். ஜன்னல் பக்கமிருந்து அடித்தால் தாள் பளபளத்து, பார்ப்பவரின் சட்டைதான் தெரியும்.

படம்பிடித்தல். போனை ஜன்னலிலிருந்து அரை மீட்டர் தள்ளி அசையாமல் நிறுத்துங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்யுங்கள், இல்லாவிட்டால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். ரீப்பரின் முன்முனைக்கு அடியில் ஒரு ஸ்கேலை ஒட்டி, 2 மி.மீ. நகர்த்தி ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே போங்கள். ஸ்டாப் மோஷன் செயலியில் வினாடிக்கு 12 படங்கள் என்று வைத்தால், 48 படங்களில் நான்கு வினாடிக் காட்சி கிடைக்கும்.

கண்காட்சியில் வைக்கும்போது பக்கத்திலேயே அதே காட்சியை ஒரே தாளில் வரைந்து, அதையும் ஒரு குச்சியில் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் முதலில் அதை அசைத்துப் பார்க்கட்டும், பிறகு பெட்டிக்கு வரட்டும். ரப்பர் பேண்டுகள் அடிக்கடி அறும், கைவசம் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.