ஐஇடிஎஃப் வரைவு எப்போது தரநிலை ஆகிறது? பலரும் செய்யும் தவறுகள்

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு வரைவை ஏற்றலாம். உறுப்பினர் கட்டணம் கிடையாது. அதனால் ‘ஐஇடிஎஃப் வரைவிலேயே இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சுக்குத் தனி எடை எதுவும் இல்லை. ஆனாலும் டெண்டர் ஆவணங்களில் இப்படிப்பட்ட வரைவுகள் ‘தரநிலை’ என்ற பெயரில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

கோப்பின் பெயரைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். ‘டிராஃப்ட்’ என்பதை அடுத்து எழுதியவரின் பெயர் வந்தால், பெரும்பாலும் அது தனிநபர் யோசனை. அங்கே ‘ஐஇடிஎஃப்’ என்றும், பிறகு ஒரு பணிக்குழுவின் பெயரும் இருந்தால், அந்தக் குழு அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. வரைவின் பதிப்பு எண் மறுபடி 00இலிருந்து தொடங்கும். என்ன மாற்றுவது என்ற முடிவு இனி எழுதியவரிடம் இல்லை, குழுவிடம் போய்விடும்.

இந்த ஏற்பை ஒப்புதல் என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளடக்கம் தலைகீழாக மாறலாம், மொத்தமாகக் கைவிடப்படலாம். குழுவின் இறுதி அழைப்பு (கடைசியாகக் கருத்து கேட்கும் சுற்று), அப்புறம் ஐஇடிஎஃப் முழுமைக்குமான இறுதி அழைப்பு, ஐஇடிஎஃப்பை வழிநடத்தும் குழுவான ஐஇஎஸ்ஜியின் பரிசீலனை என்று இன்னும் பல படிகள் இருக்கின்றன. புதுப்பிக்காத வரைவு ஆறு மாதத்தில் காலாவதியாகும்.

வரைவை வைத்து நிரல் எழுதுவதில் தப்பில்லை, அது தேவையும்கூட. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் வெளியிடுவதுதான் சிக்கல். இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் குவிக் நெறிமுறையில் இதை அழகாகச் செய்தார்கள். அதன் வரைவு 34ஆம் பதிப்புவரை போனது. அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தரவுத் துண்டிலும்) உள்ள பதிப்பு எண்ணுக்குள்ளேயே வரைவு எண்ணையும் வைத்தார்கள். ஆகவே வரைவு 27 மட்டும் தெரிந்த பிரவுசரும் வரைவு 29 மட்டும் தெரிந்த சர்வரும் ஒன்றையொன்று தவறாகப் புரிந்துகொள்ள வழியில்லை. பதிப்பு 1 என்ற எண், 2021 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9000க்கு உரியது (எண் கொடுத்து வெளியிடப்படும் இறுதி ஆவணம்தான் ஆர்எஃப்சி). பிரவுசரும் சர்வரும் இருவழியாகப் பேச உதவும் வெப்சாக்கெட் நெறிமுறையின் கதை வேறு. அதன் ஆரம்ப வரைவை நம்பிப் பிரவுசர்களில் சேர்த்தார்கள். பாதுகாப்புக் கோளாறு தெரியவந்ததும், 2010 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 4இன் சோதனைப் பதிப்பில் அதை முடக்க வேண்டியதாயிற்று. ஆர்எஃப்சி 6455 வந்தது அதற்கு ஒரு வருடம் கழித்துத்தான்.

சரி, ஆர்எஃப்சி எண் கிடைத்துவிட்டால் தரநிலைதானே? அதுவும் இல்லை. தகவலுக்காக, பரிசோதனைக்காக என்றும் ஆர்எஃப்சிகள் உண்டு. புறா மூலம் பாக்கெட் அனுப்பும் ஆர்எஃப்சி 1149, 1990 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தது. அதற்கும் எண் இருக்கிறது! முதல் பக்கத்தின் தலைப்பில் உள்ள வகையைப் பாருங்கள்.

அதற்காக, ‘முழுத் தரநிலை மட்டுமே வேண்டும்’ என்று அடம்பிடிப்பதும் கூடாது. தரநிலைப் பாதையின் முதல் படி ‘முன்மொழியப்பட்ட தரநிலை’. பெயர் அரைகுறையாகத் தோன்றினாலும், இணையத் தொடர்பை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறை 2018இல் அந்தப் படியில்தான் வெளியானது. இணைய நெறிமுறையின் புதிய பதிப்பான ஐபிவி6இன் முதல் ஆர்எஃப்சி 1995இல் வந்தது. அது முழுத் தரநிலை ஆனது 2017இல்.