கடலோர மணலில் செங்காந்தள் வளர்ப்பது எப்படி?

செங்காந்தள் நம் மாநிலப் பூ. படத்தில் பார்த்தவர்கள் நிறைய பேர், வீட்டில் வளர்த்தவர்கள் குறைவு. சங்கப் பாட்டில் அது மலைச்சாரல் பூவாக வருவதால், இராமநாதபுரம் கடலோரம் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற, பாதி வருடம் காய்ந்து கிடக்கிற ஊரில் எப்படி வரும் என்று கேட்கிறார்கள். நன்றாகவே வரும். உடைமரக் காட்டோரம், வேலிப்புதர், மணல்மேடு என்று வறண்ட இடங்களில் யாரும் நடாமலே முளைக்கிற கொடிதான் இது.

காரணம் எளிது. நமக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். செங்காந்தளும் அந்த ஈரத்தை நம்பித்தான் கொடி வீசிப் பூக்கிறது. ஈரம் போனதும் மேலே எல்லாம் காய்ந்துவிடும், மண்ணுக்குள் கிழங்கு மட்டும் தூங்கும். இந்தத் தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பதுதான் வளர்ப்பவரின் முக்கால்வாசி வேலை. வீடுகளில் இந்தக் கொடி சாவது பெரும்பாலும் வறட்சியால் இல்லை, பங்குனி சித்திரையில் பாவம் பார்த்து ஊற்றுகிற தண்ணீரால்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை

செடி முழுவதும் விஷம். கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நச்சு அதிகம். மூட்டுவாத நோயான கௌட்டுக்கு மிகச் சிறிய அளவில் மருந்தாகக் கொடுப்பது இதைத்தான், ஆனால் கிழங்கைத் தின்றால் உயிரே போகும். வேகவைத்தாலும் விஷம் போகாது. கிழங்கு பார்வைக்குச் சர்க்கரைவள்ளி மாதிரி இருப்பதால் சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கையுறை போட்டுத் தொடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தவறி யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகலாம். செடியின் ஒரு துண்டையும் எடுத்துப்போய்க் காட்டினால் மருத்துவருக்கு உதவும். நடக்கப் பழகும் குழந்தை இருக்கிற வீட்டில் இந்த ஆசையை நாலைந்து வருடம் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆடு மாடு எட்டுகிற இடமும் வேண்டாம்.

1. கிழங்கு வாங்குவது

நர்சரியில் செங்காந்தள் என்று கேட்டுப் புரியவில்லை என்றால் கண்வலிக்கிழங்கு என்று கேளுங்கள். கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்றும் சொல்வார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கம் விதைக்காக இதை வயலில் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள். அந்தப் பக்கம் தெரிந்தவர் இருந்தால் நல்ல கிழங்கு கிடைக்கும். காட்டோரத்திலோ மணல்மேட்டிலோ இருப்பதைத் தோண்டாதீர்கள். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இது அருகிவிட்டது. வனத்துறை நிலமென்றால் சட்டப்படியும் குற்றம்.

கிழங்கு இரண்டாகக் கவைத்து, கலப்பை மாதிரி வளைந்திருக்கும். ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்கில் இருப்பதுபோல் உடம்பெல்லாம் கண் கிடையாது. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கவையிலிருந்து செடி வராது. அதனால் வாங்கும்போது அளவைவிட நுனியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐம்பது, அறுபது கிராம் எடையும் கெட்டியான உடம்பும் இருந்தால் முதல் வருடமே பூக்க வாய்ப்பு அதிகம். சுருங்கியது, அமுக்கினால் மெத்தென்று இருப்பது வேண்டாம்.

2. இடமும் மண்ணும்

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் மணல் பூமி. அங்கே வடிகால் பற்றிக் கவலையே இல்லை, சத்துதான் குறைவு. கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசலில் கதை தலைகீழ். மழையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கிழங்கை அழுக வைக்கும். கரிசல்காரர்கள் தொட்டியிலோ, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டியோ நடுங்கள்.

தொட்டி என்றால் ஓரடி அகலம், ஓரடி ஆழம் போதும். அடியில் துளை அடைபடக் கூடாது. இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய ஆட்டு எரு என்று கலந்துகொள்ளுங்கள். நம் ஊரில் எருவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பச்சைப் புழுக்கையைப் போட்டால் சூடு ஏறிவிடும். மணலைக் கடற்கரையில் அள்ள வேண்டாம். அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் சேர்ந்திருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பாகக் கரைந்து மண்ணைக் காரமாக்கும், செங்காந்தளுக்கோ லேசான புளிப்பு மண்தான் தோது. இதே காரணத்துக்காகச் சாம்பலும் வேண்டாம்.

காட்டில் இது எங்கே நிற்கிறது என்று கவனித்தால் இடத்தைத் தேர்வது சுலபம். அடித்தண்டு ஒரு புதரின் நிழலில் இருக்கும், தலை வெளியே வந்து வெயில் காயும். வீட்டிலும் அப்படியே. வேரடியில் தரை கொதிக்கக் கூடாது, மேலே நாளுக்கு நாலைந்து மணி நேரம் வெயில் வேண்டும். கடல் தெரிகிற வீடாக இருந்தால் சுவருக்கு மறுபக்கம், கடற்காற்று நேராக அடிக்காத பக்கமாக வையுங்கள். உப்பு படிந்தால் இலை நுனி கருகும். இந்தக் கொடிக்கு இலைநுனிதான் கை, அது கருகினால் ஏற முடியாது.

3. தண்ணீரைச் சோதிப்பது

கடலோரத்தில் பல போர்களில் உப்புத் தண்ணீர்தான். தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டும் ஊற்றில் குடிக்கிற தண்ணீர் கிடைக்கிறது. மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காகத் தங்குவதால்தான் அது. ஆழமாகப் போர் போட்டு அதிகமாக இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். நாக்கில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் இந்தச் செடிக்கு வேண்டாம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தாலும் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். பிடித்து வைத்த மழைத்தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் போதும். ஒரு தொட்டிக்குத் தேவை கொஞ்சம்தான்.

4. ஊன்றுவது

மேற்கே பந்தல் போட்டவர்கள் பாசனத்தை நம்பி ஆடியிலேயே ஊன்றுவார்கள். நமக்கு ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடுவரை சரியான காலம். மழை பிடிக்கும்போது முளை மேலே வந்திருக்கும்.

இரண்டு, மூன்று அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்க வைத்து, முளைக்கண் சற்று மேலே பார்க்கும்படி மண்ணை மூடுங்கள். செங்குத்தாகச் சொருக வேண்டாம். ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, மேல்மண் காய்ந்த பிறகு அடுத்தது. முளை வரச் சில வாரம் ஆகும். வந்ததா என்று கிளறிப் பார்க்காதீர்கள், முளை கண்ணாடி போல ஒடிந்துவிடும்.

5. பற்றுக்கொம்பு

முளை வந்த பிறகு கொம்பு நட்டால் கிழங்கைக் குத்திவிடும் என்பதால் ஊன்றும்போதே நட்டுவிடுங்கள். இலைநுனி நீண்டு சுருண்டு எதையாவது பிடித்து ஏறும். ஆனால் அதற்குப் பிடி சிறியது, மூங்கில் கழியைச் சுற்ற முடியாது. விளக்குமாற்றுக் குச்சி கனம்தான் அதற்குத் தோது. கிளை கிளையாக இருக்கிற காய்ந்த மிளாறை நட்டாலே போதும். முள் ஒடித்த சீமைக்கருவேலங்கிளை இதற்கு நன்றாக உதவும். அந்த மரத்தால் ஒரு நல்லது நடக்கட்டுமே.

6. மழைக்காலமும் பூவும்

மழை பிடித்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடலாம். இடையில் ஒரு வாரம் வெயிலடித்தால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். புயல் மழையில் தொட்டியை ஓரமாக நகர்த்துங்கள். ஓரிரு நாள் தண்ணீர் தேங்கினாலே அழுகல் தொடங்கிவிடும்.

இலையில் கருப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையும் புள்ளியிட்ட புழு வந்தால் அன்றைக்கே பொறுக்கி எடுங்கள். இந்தச் செடியின் விஷம் அதை ஒன்றும் செய்யாது, விட்டால் கொடியையே மொட்டையடிக்கும். ஒன்றிரண்டு தொட்டிக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை.

மொட்டு பச்சையாக வந்து, இதழ்கள் பின்னோக்கி மடங்கி, மஞ்சள் ஏறி, நுனியிலிருந்து சிவந்து, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் எல்லா நிறத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். சூல்தண்டு அடியிலேயே மடிந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. பயிரிடுகிறவர்கள் காலையில் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். வீட்டுக்கு அது வேண்டாம். காய் பிடிக்காவிட்டால் அந்தச் சத்தும் கிழங்குக்கே போகும். விஷ விதை உதிர்ந்து கிடக்கிற பயமும் இல்லை.

விதையிலிருந்து வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முளைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம், பூக்க மூன்று நாலு வருடம். முதல்முறை வளர்ப்பவர்களுக்குக் கிழங்குதான்.

7. ஓய்வு

தை, மாசியில் இலை மஞ்சளாகும். நோய் என்று நினைத்து உரம் போடாதீர்கள். பச்சை இருக்கும்வரை கொடியை வெட்டாதீர்கள், அந்த இலைதான் அடுத்த வருடக் கிழங்கை நிரப்புகிறது. பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதிதாகக் கவைக்கிழங்கு உருவாகியிருக்கும். முழுக்கக் காய்ந்ததும் தண்டை அறுத்துவிட்டுத் தொட்டியை மழை படாத இடத்தில் வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். கோடைமழை பெய்தால் அதுவும் உள்ளே போகக் கூடாது.

மணல் தரையில் நட்டிருந்தால் அங்கேயே விட்டுவிடலாம், இடம் மறக்காமல் ஒரு கல் நட்டு வையுங்கள். கரிசலென்றால் தோண்டி எடுத்து, காய்ந்த மணலில் புதைத்து, டப்பாவின் மேல் "விஷம்" என்று எழுதிப் பூட்டுகிற அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆவணியில் எடுக்கும்போது நுனிகளைப் பாருங்கள். இரண்டு கவையிலும் கண் இருந்தால் நடுவில் பிரித்து இரண்டு தொட்டியில் ஊன்றலாம்.