எல்டேப் சர்வர் திணறியபோது

காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்நுழையும்போது பயனர் கணக்குகளை வைத்திருக்கும் எங்கள் ஓப்பன்எல்டேப் சர்வரின் சிபியு உச்சத்துக்குப் போய்விடும். ராம் கூட்டலாம் என்றார்கள். முதலில் சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாக்கைப் பார்ப்போம் என்றேன். லாக் லெவலை 256 (ஒவ்வொரு இணைப்பையும் தேடலையும் குறிக்கும் அளவு) ஆக்கியதும் காரணம் தெரிந்தது: 'மெயில்' புலத்துக்கு "நாட் இண்டெக்ஸ்டு" என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. இண்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போன்ற பட்டியல், இல்லையென்றால் ஒருவரைத் தேடவும் சர்வர் எல்லாப் பதிவுகளையும் புரட்டும்; ஆயிரக்கணக்கான பேர் உள்ள இடத்தில் அது பெரிய சுமை.

சரி, எல்டேப்மாடிஃபை கட்டளை மூலம் 'மெயில்' புலத்துக்குச் சமத்தேடல் (முழு மதிப்பும் அப்படியே பொருந்தும் தேடல்) இண்டெக்ஸ் சேர்த்தேன். சர்வரை நிறுத்தவே வேண்டியதில்லை, பின்னணியில் அதுவே கட்டிக்கொள்ளும். சிபியு இறங்கியது, உள்நுழைவு சட்டென்று நடந்தது.

அப்புறம், கண்ட புலத்துக்கெல்லாம் இண்டெக்ஸ் போடாதீர்கள். ஒவ்வொன்றும் எழுதும் வேகத்தைக் குறைக்கும். குறிப்பாக, உட்சரத் தேடல் (மதிப்பின் ஒரு பகுதியை மட்டும் வைத்துத் தேடுவது) இண்டெக்ஸ் இடத்தையும் நிறையத் தின்னும்.